ஆற்றை ஆள் என்று கேட்காத கூட்டம்

வன்னியில் குடும்ப வரலாறு கதைப்பது கொஞ்சம் சங்கடமான வேலை. எங்கள் ஒழுங்கையையே எடுங்கள். முதல் வீடு முள்ளியவளைப் பழங்குடி. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்தப் பக்கம்தான். அடுத்த வீடு 1950களில் காணி கிடைத்துத் தீவுப்பகுதியிலிருந்து வந்தது. அதற்கடுத்த வீட்டுக்காரர் 1977 கலவரத்தோடு மலையகத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். மூலை வீடு 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே பெயர்ந்தபோது வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் நின்றுவிட்டது. 2009-ல் நாலு வீட்டுக்கும் கூரை இல்லாமற் போனது. நாலு வீட்டாரும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார்கள். இதில் யாருடைய கதையை ஊர் வரலாறு என்று எழுதுவது?

இந்தக் கேள்வியோடுதான் எங்கள் கூட்டம் ஓடுகிறது. மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூடுவோம். பெயரும் வைக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. 'கூட்டம்' என்றால் ஊருக்கு விளங்கும். ஒருவர் தன் குடும்பத்தைப் பற்றியோ, தன் கையில் இருக்கும் ஒரு பழைய கடதாசியைப் பற்றியோ அரை மணித்தியாலம் பேசுவார். பிறகு பிளேன்ரீ. பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும். இடைக்கிடை ஒரு வான் பிடித்து எங்காவது போய்வருவோம். தொடக்கிவைத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாஸ்டர் என்றால் ஊரில் அவர்தான்.

ஆரம்பத்திலேயே கூட்டம் உடையப் பார்த்தது. முதல் நாள் பேசிய பெரியவர் எழுந்த வேகத்திலேயே தங்கள் பரம்பரையில் எத்தனை உடையார், எத்தனை முதலியார் என்று, வெள்ளைக்காரர் காலத்து ஊர்ப் பதவிகளை அடுக்கத் தொடங்கினார். கதை சுவாரசியம்தான். ஆனால் பின்வாங்கில் இருந்த பாதிப்பேர் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார்கள். அடுத்த மாதம் வரவும் இல்லை. ஏன் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த ஊர், ஆற்றை ஆள் (யாருடைய ஆள்), எந்தக் கோயிலடி என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், ஒருவரின் சாதி வெளியே வந்துவிடும். கேட்கிறவர் அதற்காகத்தான் கேட்கிறார் என்பது பதில் சொல்கிறவருக்கும் தெரியும். குடும்ப வரலாற்றுக்கு வேண்டிய கேள்விகளும் அதே மூன்றுதான் என்பது எங்கள் துரதிர்ஷ்டம்.

மாஸ்டர் ஒரு ஏற்பாடு செய்தார். பேச வருகிறவர் யாரும் 'நாங்கள் யார்' என்று தொடங்கக் கூடாது. 'இந்தக் காணிக்கு எப்ப வந்தனீங்கள், எந்த வழியால வந்தனீங்கள், ஆரோட வந்தனீங்கள்' என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். முள்ளியவளைப் பழங்குடிக்கும் அதே விதி. அவர்களும் ஒரு காலத்தில் எங்கிருந்தோ வந்து காடு வெட்டியவர்கள்தானே. முதலில் இதை நான் ஒரு மரியாதை ஏற்பாடு என்றுதான் எடுத்துக்கொண்டேன். போகப்போகத்தான் ஆராய்ச்சிக்கும் இதுவே நல்ல வழி என்று பட்டது. பரம்பரைப் பெருமைக்குச் சாட்சி கிடையாது. ஓரிடத்துக்கு வந்து சேர்ந்ததற்கு ஏதோ ஒரு கடதாசி இருக்கும்.

அந்தக் கடதாசிகளில் முதலிடம் பெர்மிட்டுக்கு, அதாவது அரசாங்கக் காணிக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரத்துக்கு. காணிக் கந்தோரில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் அதைப்பற்றிப் பேசியது எங்கள் கூட்டத்தின் ஆகச் சிறந்த உரைகளில் ஒன்று. 1935-ல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் வன்னியின் குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் கொடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிவிட்டது. இரணைமடுக் குளம் அதற்கு முன்பே, 1920களின் தொடக்கத்தில் கட்டி முடிந்திருந்தது. தண்ணீர் இருந்தது, சனம் இல்லை. மலேரியாவுக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள். 1940களின் பிற்பகுதியில் வீடு வீடாக டி.டி.ரி கொசுமருந்து அடித்த பிறகுதான் சனம் துணிந்து வந்தது. எங்கள் கூட்டத்து வயதானவர்கள் சிலர் இன்னும் 'டி.டி.ரி அடிக்க முந்தி', 'அடிச்ச பிறகு' என்றுதான் ஆண்டுக்கணக்குச் சொல்கிறார்கள்.

காணிக் கச்சேரி என்ற விசாரணை வைத்து ஆள் தெரிவு செய்யும்போது, விண்ணப்பித்தவர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன வயது, சொந்தக் காணி உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார்களாம். பெர்மிட் கிடைத்த பிறகு தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளி ஒருவரை நியமிக்க வேண்டும். நியமிக்காமல் செத்துப்போனால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மகனுக்குப் பிறகுதான் மகள். 2022 திருத்தம் வரும்வரை அப்படித்தான். மனைவிக்குச் சீவிய உரிமை உண்டு, மறுமணம் செய்தால் அதுவும் போகும். இந்த ஒரு விதியால் எத்தனை அண்ணன் தம்பிகள் கதைபேச்சு இல்லாமற் போனார்கள், எத்தனை விதவைகள் சேர்ந்து வாழ்ந்த மனிதரைப் பதிவு செய்யாமலே விட்டார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் ஒவ்வொருவராக முகம் மாறியது. "குடும்பத்தைப் பற்றித் தெரிய வேணும் எண்டா கோயில் மண்டபத்தில கேளாதேங்கோ. காணிக் கோவையைப் பாருங்கோ. சண்டை பிடிச்ச குடும்பத்தின்ர கோவைதான் மொத்தம்" என்றார். கோவை என்றால் கந்தோர் ஃபைல், மொத்தம் என்றால் தடிப்பு. எல்லாரும் சிரித்தோம். ஆனால் அது நூற்றுக்கு நூறு சரி. ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தில் இருக்கும் உறவு விவரம் எந்தப் பரம்பரைப் பாட்டிலும் இருக்காது.

அப்பப்பாவின் பெர்மிட் இப்போது என்னிடம் இருக்கிறது. நாலாக மடித்து, பொலித்தீன் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் அம்மாவின் சட்டைக்குள் வந்தது. மடிப்பு விழுந்த இடம் நைந்து, குறுக்குக் கோட்டில் எழுத்து அழிந்துவிட்டது. சரியாக அந்தக் கோட்டில்தான் பின்னுரித்தாளியின் பெயர். முதல் எழுத்து 'க' என்பது தெரிகிறது. எங்கள் வீட்டில் அப்பாவின் பெயரும் 'க', பெரியப்பாவின் பெயரும் 'க'. 2010-ல் மீள்குடியேறியதும் அம்மா செய்த முதல் வேலை அதை லமினேட் பண்ணியதுதான். இனி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் வழியில்லை. பெரியப்பா வீட்டார் வரும்போது அதை அலுமாரியில் உள்ளே தள்ளி வைப்போம்.

அடுத்தது கல்வெட்டு. தமிழ்நாட்டு வாசகர்கள் கோயில் சுவரை நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். இப்போது வழுவழுத் தாளில், நாலு நிறத்தில், தேவாரமும் நன்றி நவிலலும் படங்களுமாக வருகிறது. பழசு அப்படியில்லை. மாஸ்டர் ஒரு நாள் 1960களில் அச்சான ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பேறி, தையல் கம்பி துருப்பிடித்து, தொட்டால் உதிரும் நிலை. முதல் பக்கத்தில் பிள்ளையார். பிறகு திதி வெண்பா. வருடம், மாதம், பட்சம், திதி நான்கும் நாலு அடிக்குள் அடங்கியிருக்கும். பிறகு ஊர்ச் சிறப்பு, மரபு, கல்வி, மணவாழ்க்கை. கடைசியில் புலம்பல்கள்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல்.

அந்தப் புலம்பல்களை நாங்கள் சின்ன வயதில் பகிடி பண்ணியிருக்கிறோம். சந்தம் தட்டி, யார் செத்தாலும் ஒரே அழுகை. ஊர்ப் புலவர் ஒரே அச்சில் பத்துப் பேருக்கு வார்த்திருப்பார். ஆனால் மாஸ்டர் அதை வாசிக்கச் சொல்லித்தந்த விதம் வேறு. புலம்பலில் யார் யார் பெயர் வருகிறது என்று எழுதுங்கள் என்றார். எழுதினோம். பிறகு, அந்தக் குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் என்று அங்கிருந்த ஒரு ஆச்சியிடம் கேட்டார். ஆச்சி விரல் மடித்து எண்ணினார். புத்தகத்தில் ஒரு பிள்ளை குறைகிறது. இரண்டாவது மகள். தகப்பனுக்குப் பிடிக்காத கலியாணம், செத்தவீட்டுக்கும் வரவிடவில்லையாம். அவளுடைய பேத்தி எங்கள் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் இருந்தாள். தன் அம்மம்மாவின் தகப்பன் பெயர் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கல்வெட்டின் இன்னொரு நன்மை, அது ஒரு வீட்டில் மட்டும் இருப்பதில்லை. வந்த உறவெல்லாம் ஒவ்வொன்று எடுத்துப் போயிருக்கும். வன்னியில் எரிந்தது யாழ்ப்பாணத்தில் ஒரு பெட்டகத்தில் இருக்கும், அங்கே இல்லாதது கனடாவில் யாரோ ஒருவரின் நிலவறையில் இருக்கும். 2005 முதல் நூலகம் நிறுவனம் இணையத்தில் ஏற்றிவரும் ஆவணங்களுள் நினைவு மலர்களும் ஏராளம். எங்கள் பெடியள் கைத்தொலைபேசியில் அதைத் தேடிக் காட்டினால் வயதானவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்ட வருவார்கள். படங்களும் அப்படித்தான். 1980களில் வெளிநாட்டுக்குப் போன அண்ணனுக்கு அனுப்பிய கலியாணப் படம்தான் பல வீடுகளில் மிஞ்சிய ஒரே படம். அது இப்போது வட்ஸ்அப்பில் திரும்பி வருகிறது. வந்ததும் முதலில் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊரும் காலமும் பாதி பிடிபடும்.

திதியிலிருந்து திகதிக்குப் போவது ஒரு தனி வித்தை. தமிழ் ஆண்டு அறுபதும் சுற்றிச் சுற்றி வருவதால், சாதகத்தில் 'தாரண வருஷம்' என்று இருந்தால் அது 1884 ஆகவும் இருக்கலாம், 1944 ஆகவும் இருக்கலாம். ஆளின் பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். அதோடு தாரண வருஷம் தை மாதம் என்றால் அது 1945. சித்திரையில் ஆண்டு தொடங்குவதை மறந்து பலர் ஒரு வருடம் முந்திப் போடுவார்கள். அதற்கடுத்த தாரணம் 2004. முல்லைத்தீவுக் கரையில் அந்த ஆண்டு மார்கழிப் பூரணையைத் திதியாக வைத்திருக்கும் வீடுகளை எண்ணி மாளாது. டிசெம்பர் 26, கடல் வந்த நாள். கடற்கரைக் கிராமம் ஒன்றுக்கு நாங்கள் போயிருந்தபோது, ஒரே நாளில் எல்லா வீட்டிலும் படையல் என்பதால் ஐயரைப் பிடிப்பதே கஷ்டம் என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்.

பயணம் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்டது கற்சிலைமடு. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிறது. 1803 ஓகஸ்ட் 25 அன்று வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் அவனை இந்தப் பக்கத்தில் தோற்கடித்தார் என்று வெள்ளைக்காரர் ஒரு கல் நட்டார்கள். வென்றவர் தன் வெற்றிக்கு நட்ட கல்லை, தோற்றவனின் நினைவாக நாங்கள் மாலை போட்டுக் கும்பிடுகிறோம். எனக்கு அதில் ஒரு திருப்தி உண்டு.

ஆனால் அன்றைய பயணத்தில் வீணான நேரமும் அங்கேதான். வானில் வந்தவர்களில் பாதிப்பேர் பண்டாரவன்னியன் வழி என்று உரிமை கோரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவரிடம் வாள் இருந்ததாம், மற்றவரிடம் ஓலை இருந்ததாம். இரண்டும் சண்டையில் போய்விட்டதாம். இல்லாத ஓலைக்கு யார் பதில் சொல்வது? நான் பேசாமல் புளியமர நிழலுக்குப் போனேன். அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கச்சி, ஜே. பி. லூயிஸ் 1895-ல் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேட்டைத் தொலைபேசியில் வைத்து, ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன குளங்கள், காய்ச்சல், குறைந்துகொண்டே போன சனத்தொகை. வன்னியில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் எழுதியது. மேலிருந்து பார்க்கிற பார்வைதான். ஆனாலும் வீரக் கதையை விட எனக்கு அது பிடித்தது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்ற பழைய பிரிவுகளைச் சொல்லச் சொல்ல, சுற்றியிருந்த ஆச்சிமார், "கரிக்கட்டுமூலைப் பக்கம் எங்கட பெரியாச்சி கட்டிப்போனவ" என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். வாள் இல்லாமலே வரலாறு வந்தது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போனது இன்னொரு விதம். வைகாசிப் பொங்கலன்று போனால் சனத்துக்குள் ஒருவரோடும் கதைக்க முடியாது; அதனால் சாதாரண நாளொன்றில் போனோம். பாக்குத்தெண்டல் சடங்கில் தொடங்கி, சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்து, பிறகு அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோவதுவரை ஒவ்வொரு வேலைக்கும் வழிவழி உரிமைக்காரர் உண்டு. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இது பெரிய வாய்ப்பு. 'உங்கள் அப்பாவின் அப்பா யார்' என்றால் இரண்டு பெயரோடு நிற்பவர், 'உங்களுக்கு முந்தி இந்த வேலையை ஆர் செய்தது, அவருக்கு முந்தி ஆர்' என்றால் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவார். மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனதும், இடையில் ஒருவர் கோபித்துக்கொண்டு நின்றதும் எல்லாம் வரும். கூத்தாடும் குடும்பங்களிலும் இதே கதை. எந்த அண்ணாவியாரிடம் யார் பழகினார் என்று கேட்டால் போதும்.

அங்கேதான் எங்கள் விதி இடறியது. உரிமை என்று ஒருவர் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் அதே வரிசையில், வேறொருவரின் பாட்டன் சாதியின் பெயரால் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட வேலையும் இருக்கிறது. எங்களோடு வந்த ஒருவர் திரும்பும் வழியில் மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டர், எங்கட ஆக்கள் அங்க என்ன செய்தவை எண்டு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை எழுத வேண்டாம். என்ர பிள்ளையளுக்கு நான் அதைச் சொல்லேல்ல." எழுதினால்தானே அநியாயம் பதிவாகும் என்று பின் இருக்கையில் ஒருவர் வாதாடினார். மாஸ்டர் எழுதவில்லை. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அநியாயத்தைப் பதியும் உரிமை அதைச் சுமந்தவருக்கு. அவர் வேண்டாம் என்றால் மற்றவர் பேனாவை மூடத்தான் வேண்டும்.

எங்கள் ஒழுங்கையின் மூன்றாம் வீட்டு அக்கா நெடுநாள் கூட்டத்துக்கு வரவில்லை. கேட்டால், "எங்களுக்கு என்னாங்க வரலாறு? தோட்டத்துல பொறந்தோம், அடிச்சாங்க, இங்க வந்தோம்" என்பார். மாஸ்டர் விடவில்லை. ஒரு நாள் பழைய பையோடு வந்தார். உள்ளே அவர் தகப்பனின் பிரசாவுரிமைக் கடதாசிகள். அவற்றை வைத்து மாஸ்டர் கேட்கக் கேட்க, அக்கா சொல்லச் சொல்ல, அன்றைய உரை தானாக நடந்தது. 1948 பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான தாத்தா; 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இங்கேயும் என்று பங்கு பிரித்தபோது அந்தப் பக்கம் போன சித்தப்பாமார்; இங்கே தங்கிய அப்பா. 1977-ல் எல்லாவற்றையும் விட்டு லொறியில் வவுனியா. அங்கே காந்தியம் அமைப்பு. கட்டடக்கலைஞர் டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் நடத்திய அந்த அமைப்புத்தான் இப்படி வந்த பல குடும்பங்களுக்குக் காணியும் கிணறும் காட்டியது. டாக்டர் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார் என்று மாஸ்டர் சொன்னபோது, "அவரு எங்க வீட்டுக்கு வந்திருக்காரு, என்னைத் தூக்கி வச்சு மருந்து குடுத்தாரு" என்றார் அக்கா. பாடப்புத்தகத்தில் இல்லாத மனிதர் ஒருவர் அந்த மண்டபத்துக்குள் வந்துவிட்டுப் போனதாக இருந்தது.

இன்னொன்று. தாத்தாவின் அப்பா நடந்தே வந்தவர் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்களாம், எங்கிருந்து எங்கே நடந்தார் என்று யாருக்கும் தெரியாது. 1914-ல் தலைமன்னாருக்கு ரயிலும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் வருவதற்கு முன், தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்தவர்கள் பெருந்தொகையாக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மாஸ்டர் சுவர் வரைபடத்தில் அந்த வழியை விரலால் இழுத்துக் காட்டினார். அக்கா எழுந்துபோய்க் கிட்ட நின்று பார்த்தார். "அப்ப எங்க ஆளுங்க மலைக்குப் போறதுக்கு முன்னாடியே வன்னியில கால் வச்சுட்டாங்களா?" என்றார். பழங்குடிக்காரர் ஒருவர் உரக்கச் சிரித்து, "அப்ப நீங்களும் பழைய ஆக்கள்தான் பிள்ளை" என்றார்.

தண்ணீரூற்றுப் பக்கத்து முஸ்லிம் பெரியவர் ஒருவரும் ஒரு முறை பேசினார். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்கு வாலிப வயது. உடுத்த உடுப்போடு புத்தளம். அங்கே அகதி முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு எந்த ஊர் என்று எழுதுவது என்ற கேள்வியை அவர் வைத்தார். கூட்டத்தில் பதில் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது நல்லது; அன்றைக்குக் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

மன்னார்ப் பக்கம் ஒரு பங்குக் கோயிலுக்குப் போனதைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். கத்தோலிக்கர் கொடுத்துவைத்தவர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளை, தாய், தகப்பன், ஞானப்பெற்றோர் என்று எல்லாம் இருக்கிறது. சைவக்காரருக்கு அரசாங்கப் பதிவுதான் கதி. அதுவும் 1897-ல்தான் கட்டாயமானது. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால், தகப்பன் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகி, பேரனுக்கு முழுப்பெயராகி, தலைமுறை விட்டுத் தலைமுறை இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். சண்டையில் அதுவும் தொலைந்தவர்களுக்கு நடமாடும் சேவையில் உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள் இத்தனை பேர் இருப்பதன் ரகசியம் அதுதான்.

கடைசியாக ஒன்று: எங்கள் படிவம். தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் கொடுத்தோம். பெயர், பிறந்த இடம், பிறந்த திகதி, இறந்த திகதி என்று நிரல்கள். ஒரு அம்மா எல்லாவற்றையும் அழகாக நிரப்பி, நடு மகனின் வரிசையில் நிறுத்திவிட்டார். 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலம் கடந்த பிறகு இராணுவத்திடம் கையளித்த பிள்ளை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளின் போராட்டத்தில் பந்தலுக்குள் இருந்தவர்களில் அவரும் ஒருவர். "இந்தப் பெட்டி இருக்கிற தாளில நான் அவன்ர பேரை எழுத மாட்டன்" என்றார். கோபமில்லை, அழுகையும் இல்லை. வெறுமையாக விடுங்கள் அம்மா என்று சிலர் சொன்னார்கள். வெறும் பெட்டியும் ஒரு பதில்தான் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் படிவத்தை மாற்றி அச்சடித்தோம். அந்த நிரலை எடுத்துவிட்டு, 'கடைசியாகக் கண்ட இடம், கண்டவர்' என்று போட்டோம். செத்தவருக்கும் அது பொருந்தும், வெளிநாடு போனவருக்கும் பொருந்தும். அந்த அம்மா இடத்தின் பெயரை எழுதினார். கண்டவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு, அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்து எழுதினார்.

அடுத்த பயணம் எங்கே என்பதில் இப்போது இழுபறி. பழங்குடி ஆட்கள் பனங்காமம் என்கிறார்கள். மூன்றாம் வீட்டு அக்காவோ, மன்னார்க் கரையிலிருந்து மதவாச்சிவரை அந்த நடைவழியை வானிலாவது ஒரு தரம் பார்க்க வேண்டும் என்கிறார். கை உயர்த்தியதில் அக்கா பக்கம்தான் கூடுதல். மாஸ்டருக்கு முழங்கால் வருத்தம், நீண்ட ஓட்டம் ஒத்துவராது என்று முணுமுணுத்துவிட்டு, வான்காரருக்கு அவரேதான் தொலைபேசி எடுத்தார். விடியக்காலை நாலரைக்கே புறப்பட வேண்டுமாம். புட்டுப் பார்சல் யார் பொறுப்பு என்பது இந்த ஞாயிறு முடிவாகும்.